இன்சூரன்ஸ் அக்காவும் மடை ஆட்டமும்

போனை எடுத்ததும் அவர் முதலில் கேட்பது, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்பதுதான். அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிடும். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று விசாரிக்க யாரும் மன்னார்குடி எஸ்.டி.டி. பூத்தில் நின்று மீட்டர் ஓட ஓடப் பேச மாட்டார்கள். ஏதோ ஒன்று அவருக்கு அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அதை எனக்குச் சொல்லி, நான் வேகிற சத்தத்தைக் கேட்க வேண்டும்.

"சாப்பிட்டேங்க்கா."

"சரி, இப்ப என் பையில என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்?"

அவருக்குப் பாபநாசம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது; ஆனால் தஞ்சாவூரில் பஸ் ஏறி முத்துப்பேட்டையில் இறங்கும் வரை எந்த ஊரில் கேட்டாலும் இன்சூரன்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். நான் தஞ்சாவூர்க்காரன். பூச்சிமருந்து கம்பெனி ஒன்றின் பிரதிநிதியாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவன். இரண்டு பேருக்கும் வேலையே ஊர் சுற்றுவதுதான். சுற்றுகிற ஊரிலெல்லாம் ஒரே பைத்தியத்தோடு சுற்றினோம் என்பதுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

அந்தப் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் செருகி ஆடுகிற வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒரு காலத்தில் வந்தன. பார்த்தால் டைப்ரைட்டரின் எழுத்துக்கட்டையை மட்டும் தனியாகப் பிய்த்து வைத்த மாதிரி இருக்கும். திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. ஆட்டங்கள் எல்லாம் பாட்டு கேட்கிற அதே கேசட்டில் வரும். டேப்ரிக்கார்டரில் போட்டால் கீச்கீச்சென்று கொஞ்ச நேரம் கத்தும். பிறகு மனசிருந்தால் ஆட்டம் வரும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். குவைத்துக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்தார்கள். அப்புறம் வெளிநாட்டுச் சாமானுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தொங்கியதும் இந்தப் பழசுகள் பரணுக்கும் கட்டிலடிக்கும் போய்விட்டன. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எதிர்வீட்டில் ஒன்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். சம்பாதிக்க ஆரம்பித்தவுடன் நான் தேடத் தொடங்கியது அந்தக் கேசட்டுகளைத்தான். அக்கா கதை வேறு. பாலிசி பிடிக்கப் போன வீட்டில் யாரோ தூக்கிப்போட இருந்ததை வாங்கி வந்து டிவியில் மாட்டினார். அன்றைக்கு ராத்திரி சோறு வடிக்க மறந்துவிட்டார் என்று அவர் கணவர் சொல்லியிருக்கிறார்.

அவரை நான் முதலில் பார்த்தது கும்பகோணத்தில், வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு சந்துக்கடையில். சென்ட் பாட்டில்களுக்கும் தைலங்களுக்கும் நடுவே விமான ஆட்டக் கேசட் ஒன்று அட்டையோடு கிடந்தது. ஆசையைக் காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்று அதை எடுத்து, அலட்சியமாகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சீப்பை எடுத்து விலை கேட்டேன். அது என் தந்திரம். கடைக்காரர் சீப்புக்கு விலை சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து கேசட்டைத் தூக்கியது. கை நிறைய கண்ணாடி வளையல், தோளில் ரெக்சின் பை.

"அது நான் பாத்துக்கிட்டிருந்ததுங்க" என்றேன்.

"நீங்க சீப்பில்ல தம்பி பாத்துக்கிட்டிருந்தீங்க?"

கடைக்காரர் சிரித்தார். அக்கா கேசட்டோடு போனார். நான் சீப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜெயிக்க வேண்டும். அவரிடம் இருந்த ஒரே குணம் அது என்று சொன்னால் அநியாயம், ஆனால் மற்ற குணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்து திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார். இடம் பிடித்த பிறகு, முழங்கால் வலிக்கிறது என்று யாராவது கிழவி வந்தால் எழுந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். உட்காருவது அவருக்கு முக்கியமில்லை. பிடித்தோமா, அதுதான். பாலிசியும் அப்படித்தான். "வேணாங்க" என்று சொல்கிற வீட்டுக்குத்தான் அடுத்த வாரமும் போவார். சரி என்று முதல் நாளே கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி என்னிடம் பேசியதே கிடையாது.

பாபநாசத்தில் அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பட்டுப்புடவை வைக்கும் இரும்பு பீரோவில், அந்துருண்டை வாசனைக்கு நடுவே கேசட்டுகளை அடுக்கியிருப்பார். என்னிடம் உள்ளதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. பார்க்கலாம், தொடலாம். கடன் கேட்டால், "ஜெயிச்சா எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். ஆட உட்காருவேன். ஆட்டத்தை ஓட்டுகிற ஜாய்ஸ்டிக்கைக் குச்சி என்போம். நல்ல குச்சியை அவர் எடுத்துக்கொண்டு, பட்டன் ஒட்டிக்கொள்கிற குச்சியை என்னிடம் நீட்டுவார். தோற்றுவிட்டு எழுந்தால் அவர் கணவர், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், காபியோடு நிற்பார். "என்னையே இருபது வருஷமா தாயக்கட்டையில ஜெயிக்கிறா. நீங்க நேத்து வந்தவரு" என்று ஆறுதல் சொல்வார்.

எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் ஜெயிப்பதுகூடப் போகட்டும். வீட்டுக்குள் போகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேசட்டுகள் எங்கே இருந்தன? கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில். அந்த வீடுகளில் ஆண்கள் எங்கே இருந்தார்கள்? வெளிநாட்டில். நான் போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும். "வீட்ல ஆம்பளைங்க இல்லீங்க." மரியாதையான குரல்தான். அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை. வெயிலில் திரும்பி வருவேன். அதே வீட்டுக்குள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிவரை போவார். பீரோவைத் திறந்து காட்டுவார்கள், பரணில் ஏறச் சொல்வார்கள், நெய்ச்சோறு போடுவார்கள். ஒருதடவை கூத்தாநல்லூரில் நான் வாசலிலிருந்து திரும்பவும் அவர் உள்ளே போகவும் சரியாக இருந்தது. வாசலில் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, மோர் குடிக்காமப் போறீங்க?" என்றார். அந்த மோரை இன்னும் நான் மறக்கவில்லை.

யோசித்து, என் மனைவியை ஒருநாள் அதிராம்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் பாடம் நடத்தினேன். அவள் உள்ளே போனாள். நான் டீக்கடையில் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு கையிலும் மருதாணியோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கேசட்?"

"அய்யோ, கேக்கவே மறந்துட்டேங்க. எவ்வளவு நல்ல மனுசங்க தெரியுமா!"

ஒரே ஒரு தடவை நான் முந்தினேன். வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜ்காரர், எப்போதோ தங்கிப்போன குடும்பம் விட்டுப்போன பையைக் காட்டினார். அதில் குரங்கு ஏணி ஏறும் ஆட்டம் இருந்தது. பூத்துக்கு ஓடிப்போய்ப் போன் போட்டேன். "அக்கா, சாப்பிட்டாச்சா?" குரங்கு கிடைத்ததைச் சொன்னேன். "ம். அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குத் தீபாவளி. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அதே ஆட்டம், அச்சடித்த அட்டையோடு, செய்முறைப் புத்தகத்தோடு அவருக்குக் கிடைத்துவிட்டதாம். "உங்களோடது வெறுங் கேசட்டுதானே தம்பி?"

இப்படி இருக்கும்போதுதான் மடை ஆட்டம் பற்றிக் காதில் விழுந்தது. மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், முன்பு குவைத்தில் இருந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். அங்கே ஆபீஸில் வேலை பார்த்த முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் தானே ஒரு ஆட்டம் எழுதினாராம். இரண்டு பேர் ஆடுவது. ஒரே வாய்க்காலில் ஒருவருக்குத் தண்ணீர் முதலில் வருகிற மேட்டு வயல், ஒருவருக்குக் கடைசியில் வருகிற கடைமடை. மடையைத் திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்சி யார் பயிரை முதலில் கதிர் வாங்க வைக்கிறார்களோ அவருக்கு ஜெயம். ஊர் நண்பர்களுக்கு நாலைந்து கேசட் பதிந்து கொடுத்தாராம். ஈராக் சண்டை வந்து எல்லோரும் உடுத்திய துணியோடு ஓடி வந்ததில் அந்தக் கேசட்டுகள் போய்விட்டன. எழுதியவர் வீட்டில் மட்டும் ஒன்று இருக்கலாம் என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. குரங்கும் விமானமும் உலகத்தில் யாரிடமாவது இருக்கும். இது நம் தண்ணீர், நம் வரப்பு. இந்த ஒன்று கிடைத்தால் அக்காவின் பீரோ முழுவதும் எனக்குத் தூசு. அவருக்கு மூச்சுக்கூடக் காட்டாமல், பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, முத்துப்பேட்டையில் அந்த வீட்டை நானே கண்டுபிடித்தேன். கதவைத் தட்டினேன்.

"வீட்ல ஆம்பளைங்க இல்லீங்க."

"ஒரு கேசட் விஷயமா வந்தேங்க. உங்க வீட்டுக்காரரு எழுதுன ஆட்டம்..."

"இருக்குதுங்க. ஆனா அவங்க சபுர்ல இருக்காங்க. வந்ததும் வாங்க."

வெளிநாட்டில் பிழைக்கப் போவதை அந்தப் பக்கம் சபுர் என்பார்கள். "எப்ப வருவாங்க?" என்றேன்.

"போன மாசந்தாங்க போனாங்க."

போனால் இரண்டு வருஷம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் நானே போன் செய்து அக்காவிடம் சொன்னேன். என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவர் மறுநாளே கிளம்பிவிட்டார். நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

அக்கா உள்ளே போனார். கூட வந்த தம்பி என்பதால் எனக்கு முன்கூடத்தில் நாற்காலி கிடைத்தது. ஒரு சின்னப் பெண் டீயும் இறால் பதித்துப் பொரித்த வாடாவும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் உள்வீட்டுக்கும் நடுவே பூப்போட்ட திரைச்சீலை. முதலில் பேச்சுக் குரல். பிறகு கேசட் கீச்சிடும் சத்தம். அது நின்றது. அப்புறம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு களகளப்பு, கம்ப்யூட்டர் எழுப்புகிற சத்தம், இதுவரை எந்த ஆட்டத்திலும் நான் கேட்டிராத சத்தம். திரைச்சீலைக்கு அடியில் தரையில் பச்சை வெளிச்சம் விழுந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அவசரப்பட்டுத் தொறக்காதீங்க அக்கா, தண்ணி வீணாப் போவுது பாருங்க!" இது அந்த வீட்டம்மா.

"எங்கப்பா ஊருக்கே தண்ணி கட்டுனவரு! எனக்கா சொல்றீங்க?"

"அய்யோ, போச்சு போச்சு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. எழுந்து திரைச்சீலையை விலக்கிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நான் தேடியது, நான் கண்டுபிடித்தது, பத்தடி தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வாடா தின்றுகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வயதில் ஜன்னலாவது இருந்தது.

வெளியே வந்தபோது அக்காவின் கை வெறுங்கையாக இருந்தது. கேசட் வீட்டைவிட்டு வெளியே போகாது என்று அந்த அம்மாள் சொன்னாராம். நகலும் தர மாட்டாராம், அவர் கணவர் கையால் பதிந்ததாம். அக்கா விடுவாரா? ஆடலாம், ஜெயித்தால் கேசட் தனக்கு என்று பந்தயம் கட்டியிருக்கிறார். அந்த அம்மாளும் சரி என்றிருக்கிறார்.

"ஜெயிச்சீங்களா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

திருத்துறைப்பூண்டி வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "மேட்டு வயல் எனக்குத்தான் தம்பி. தண்ணி முதல்ல எனக்குத்தான் வருது. அந்தம்மா கடைமடையில உக்காந்துக்கிட்டு என்னைய ஜெயிக்குது. எல்லா ஆட்டமும்."

"பாக்க எப்படி இருந்துச்சுக்கா?"

"பச்சையா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விவரம்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், முத்துப்பேட்டைக்குப் போகவில்லையா என்று. "அங்க யாரு தம்பி பாலிசி எடுக்குறா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். தோற்ற இடத்துக்கு அவர் திரும்பிப் போக மாட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்கவில்லை. மற்றபடி போன்கள் வழக்கம்போல வந்தன. எஸ்.டி.டி. பூத்துகள் மூடி, கையில் செல்போன் வந்த பிறகும், முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பதுதான். வருஷங்கள் ஓடின. தேடுகிற வீடுகள் எல்லாம் மாடிவீடுகளாகிவிட்டன. பரண்கள் போயின. அவர் தலை நரைத்தது, என்னுடையது வழுக்கையாயிற்று.

ஒரு காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்காவுக்கு மாரடைப்பு. போய்ச் சேர்ந்துவிட்டார். பாபநாசம் போனேன், அழுதேன். அது பொய்யில்லை. காரியம் முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் பீரோவில் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனான், அம்மா ஞாபகத்துக்கு என்று. எனக்கு ஒரு வெறுங் கேசட்கூட இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முத்துப்பேட்டை ஞாபகம் வந்தது. அதுவும் பொய்யில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் போனேன். இந்தத் தடவை கதவை ஒரு இளைஞன் திறந்தான், அந்த வீட்டுப் பிள்ளை. அவனும் சபுரில் இருக்கிறவன், லீவில் வந்திருந்தான். இன்சூரன்ஸ் அக்காவுக்குத் தெரிந்தவன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். திரைச்சீலை விலகி அந்த அம்மாள் வந்தார். தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அக்கா வரலையா?"

சொன்னேன். பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்ப மவுத்தானாங்க?"

அதையும் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசம் தவறாம வருவாங்களே" என்றார் பிறகு. "ரெண்டு மாசமாக் காணோம்னதும் ஒடம்புக்கு முடியலையோன்னுதான் நெனச்சேன்."

"மாசம் தவறாமலா?" என்றேன்.

பையன்தான் பதில் சொன்னான். "நான் சின்னப் புள்ளையிலேருந்து பாக்குறேன் சார். அந்தம்மா வந்துட்டா எங்களுக்கு டிவி கெடையாது. ரெண்டு பேரும் குச்சியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க."

ஒரு குப்பைக் கேசட் கிடைத்தால்கூடப் போன் போட்டு என்னை வறுத்தெடுத்தவர், இத்தனை வருஷத்தில் இதை மட்டும் சொல்லவில்லை. செத்துப்போனவர்மேல் இவ்வளவு பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஒரு ஆட்டமாவது ஜெயிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"நான் விடலைங்க" என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜெயிச்சா கேசட்ட எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களே. அப்பறம் எதுக்கு வரப்போறாங்க? அவங்களும் விடாம வந்தாங்க. இந்த வீட்ல எனக்குன்னு பேச வந்தவங்க அவங்க ஒருத்தருதான்."

அந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். கேட்டேன். அந்தக் கேசட்டுக்காகத்தான் நானும் இத்தனை வருஷமாக அலைகிறேன் என்றேன். அவர் மகனிடம், "எடுத்துட்டு வந்து மாட்டுப்பா. அவங்களும் ஆடட்டும். ஜெயிச்சா எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

பையன் பழைய டிவியையும் கம்ப்யூட்டரையும் முன்கூடத்துக்கே தூக்கி வந்தான். கேசட் கத்தி முடித்தது. கடைசியில் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான், பச்சையாகத்தான் இருந்தது. மேலிருந்து கீழே ஒரு நீல வாய்க்கால். இரண்டு பக்கமும் சின்னச்சின்னக் கட்டங்களாக வயல். மடை திறந்தால் நீலம் கட்டத்துக்குள் கசிந்து பரவும். வரப்பில் ஒரு கொக்குகூட வைத்திருந்தார், அந்த மனுஷர். மேட்டு வயல் எனக்கு. ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் கடைமடைக் குச்சியைக் கையில் எடுத்தார். இத்தனை வருஷத் தேர்ச்சி, நான் நிமிஷத்தில் காலி என்று நினைத்தேன்.

என் மடையைத் திறந்தேன். தண்ணீர் என் வயலில் பாய்ந்து, மிச்சம் கீழே இறங்கியது. கீழே அவருடைய மடை திறக்கவில்லை. தண்ணீர் அவர் வயலைத் தாண்டி ஓடிப்போய்த் திரையின் ஓரத்தில் கடலில் விழுந்தது. அடுத்த முறையும் தண்ணீர் வந்தது. அப்போதும் அவர் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். குச்சி அவர் மடியில் இருந்தது, விரல் அதன்மேல் இல்லை. அவர் வயல் கட்டம் கட்டமாக மஞ்சளாகியது. என் வயல் கதிர் வாங்கியது. ஒரு சின்ன நாதஸ்வரம் ஊதி ஆட்டம் முடிந்தது.

அவரே எழுந்து வந்து கேசட்டை வெளியே எடுத்தார். டப்பாவில் போட்டு மகன் கையில் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாமாங்க?" என்றேன்.

"வேணாங்க. அதான் ஜெயிச்சுட்டீங்களே. பாத்துப் போங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. கேசட் என் சட்டைப் பையில் இருந்தது. அக்காவை அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம் ஜெயிக்க விடாதவர், என்னை முதல் ஆட்டத்திலேயே ஜெயிக்க வைத்து அனுப்பிவிட்டார்.